மண்ணுக்குள்ளிருந்து வந்த தட்டல்

1991இல் நாங்கள் ஹம் நகரத்தில் குடியேறியபோது எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு கிழவர் இருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிசன். எனக்கு அப்போது டொச் சரியாக வராது. அவருக்கோ நாங்கள் எந்த நாட்டுச் சனம் என்பதே விளங்கவில்லை. ஆனாலும் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலையில் எழும்பியதும் அவர் சுவரோரம் ஓடுகிற ஹைசுங் குழாயில் மூன்று தரம் தட்டுவார். நான் கீழேயிருந்து மூன்று தரம் திருப்பித் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் படியிறங்கி வந்து கதவடியில் நிற்பார்.

முதலில் மனிசனுக்கு ஏதோ மண்டைப் பிசகு என்றுதான் நினைத்தேன். டொச் கொஞ்சம் பிடிபட்ட பிறகு ஒருநாள் கேட்டேன். "கீழே எங்களுக்கு இதுதான் ரெலிபோன். தட்டுற சத்தம் கேட்டால் ஆள் இருக்கிறான் எண்டு அர்த்தம். கேட்காட்டில்..." என்று சொல்லிப்போட்டுக் கையை விரித்தார்.

இந்தச் சித்திரை மலருக்கு ஏதாவது சரித்திரக் கட்டுரை தாருங்கோ என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். ராசராசனையும் சங்கிலியனையும் பற்றி எழுதக்கூடியவர்கள் எங்கள் சங்கத்தில் தாராளமாக இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கிழவரின் தட்டல்தான் ஞாபகத்துக்கு வந்தது. மண்ணுக்குள்ளே இருக்கிற ஒருவரோடு, அல்லது ஒரு கருவியோடு, கம்பி இல்லாமல் பேசுவதற்கு மனிதர் பட்டபாடு ஒரு பெரிய கதை. அதில் பாதி நாங்கள் குடியிருக்கிற இந்த நாட்டிலேயே நடந்திருக்கிறது. எங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்காத பாதி அது.

முதலில் ஹம்மிலிருந்தே தொடங்குகிறேன். பொக்கும்-ஹோவல் பக்கம் போனவர்கள் ராட்பொட் சுரங்கத்தின் உயரமான இரும்புக் கோபுரங்களைக் கண்டிருப்பீர்கள். 1990இல் மூடிவிட்டார்கள். கோபுரங்கள் மட்டும் நிற்கின்றன. 1908 நவம்பர் 12ஆம் திகதி விடியற்புறம் அங்கே இராச்சுற்று வேலைக்கு 380 பேர் அளவில் இறங்கியிருந்தார்கள். வாயுவும் கரித்தூளும் சேர்ந்து வெடித்தன. மீட்புக்காரர் இறங்கிப் பார்த்து, கொஞ்சப் பேரை உயிரோடும் கொஞ்சப் பேரைப் பிணமாகவும் கொண்டு வந்தார்கள். ஆனால் நெருப்பு அடங்கவில்லை. அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தார்கள். சுரங்கத்தைத் தண்ணீரால் நிரப்புவது என்று. கீழே 300 பேருக்கு மேல் இன்னும் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது உயிரோடு இருக்கிறாரா என்று மேலே நின்ற யாராலும் கேட்டு அறிய வழியில்லை. வாசலில் பெண்சாதி பிள்ளைகள் நிற்கத் தண்ணீரை விட்டார்கள். மொத்தம் 350 பேர் அளவில் செத்தார்கள். பெரும்பாலான உடல்களை, தண்ணீரை இறைத்த பிறகு, மாதக்கணக்காகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

அந்த முடிவு சரியோ பிழையோ என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. நெருப்பு எரிகிற கரிச் சுரங்கத்தில் வேறு வழி இருந்திருக்காது என்று அந்தக் கிழவரும் சொன்னார். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் அந்த முடிவு வேறு மாதிரி இருந்திருக்கும். "ஆரும் இருக்கிறியளோ?" என்ற கேள்விதான் அது.

அந்தக் காலத்தில் கம்பியில்லாத் தந்தி இல்லாமல் இல்லை. மார்க்கோனி 1901இலேயே அத்லாந்திக் கடலைத் தாண்டிச் சைகை அனுப்பிவிட்டார். கடலைத் தாண்டுகிற அலையால் 800 மீற்றர் மண்ணைத் தாண்ட ஏன் முடியவில்லை? இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விஞ்ஞானம் வேண்டாம் என்கிறவர்கள் இரண்டு பந்தி தாண்டி வாசியுங்கோ.

குற்றவாளி மண் அல்ல, மண்ணில் இருக்கிற தண்ணீர். காய்ந்த மண்ணும் காய்ந்த பாறையும் வானொலி அலையை ஓரளவுக்குப் போகவிடும். தண்ணீர் சேர்ந்தால் இரண்டு விதமான கெடுதல். ஒன்று, தண்ணீருக்குள் அலையின் வேகம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. அதனால் ஈரமண்ணும் காற்றும் சந்திக்கிற இடத்தில் அலை தெறித்துத் திரும்புகிறது. இரண்டு, மண்ணில் இருக்கிற உப்புகள் தண்ணீரில் கரைந்து மின்சாரத்தைக் கடத்துகின்றன. அலையின் சக்தி அங்கேயே சூடாகி அழிந்துபோகிறது. அதிர்வெண் கூடக்கூட இந்த அழிவும் கூடும். சாதாரண ஈரமண்ணில் கணக்குப் போட்டுப் பார்த்தால், எஃப். எம். வானொலியின் 100 மெகாஹேர்ட்ஸ் அலை கொஞ்சத் தூரம் போவதற்குள் மூன்றிலொரு பங்காகத் தேய்ந்துவிடும். 87 கிலோஹேர்ட்ஸ் அலை 17 மீற்றர் வரை போன பிறகுதான் அந்த நிலைக்கு வரும். 3 கிலோஹேர்ட்ஸ் என்றால் 90 மீற்றர் போகும்.

அப்படியென்றால் அதிர்வெண்ணைக் குறைத்தால் காரியம் முடிந்தது என்று நினைப்பீர்கள். அங்கேதான் அடுத்த சிக்கல். 3 கிலோஹேர்ட்ஸ் அலையின் நீளம் 100 கிலோமீற்றர். அதற்கு ஏற்ற அன்ரனாவைச் சுரங்கத்துக்குள் எங்கே கட்டுவது? அதோடு, குறைந்த அதிர்வெண்ணில் ஒரு நேரத்தில் கொஞ்சச் செய்திதான் அனுப்பலாம். வாய் திறந்து பேச முடியாது. தந்தி மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லவேண்டும்.

ராட்பொட் நடந்து இரண்டு வருடத்தில், 1910இல், கோத்தஹெல்ப் லைம்பாக், ஹைன்றிக் லோவி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஜேர்மனியில் ஒரு காப்புரிமை எடுத்தார்கள். நிலத்தில் வரிசையாகத் துளைகள் போட்டு, ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு அன்ரனாவை இறக்கி, ஒன்று அலையை அனுப்ப மற்றவை வாங்கவேண்டும். எந்தத் துளைக்கு எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்று ஒப்பிட்டால் இடையில் என்ன இருக்கிறது, தாதுப் பொருளா தண்ணீரா என்று ஊகிக்கலாம். பொட்டாஷ் உப்புச் சுரங்கங்களிலே இதைப் பரிசோதித்தார்கள். உப்புப் பாறை எலும்பு மாதிரிக் காய்ந்தது, அதனால் அலை நன்றாகப் போனது. கரிச் சுரங்கம் அப்படியில்லை. இன்றைக்கு மண்ணுக்குள் புதைத்த உணர்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதைப் புதுமை என்று எழுதுகிறார்கள். அந்த எண்ணத்தின் விதை 1910இலேயே இந்த மண்ணில் போட்டாயிற்று. ஆனால் அப்போது தேடினது ஆளை அல்ல, தாதுவையும் தண்ணீரையும்தான்.

பிறகு 1914இல் யுத்தம் வந்தது. எந்தத் தொழில்நுட்பமும் யுத்தம் வந்தவுடன் கால் முளைத்து ஓடும், உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிரான்சின் போர்முனையில் இரண்டு பக்கமும் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள். ரெலிபோன் கம்பி போட்டால் ஷெல் அடியில் அறுந்துபோகும். அப்போது பழைய ஒரு கண்டுபிடிப்பு கைகொடுத்தது. 1838இல் மியூனிக் நகரத்து ஸ்ரைன்ஹைல் என்பவர் தந்திக்கு இரண்டு கம்பி தேவையில்லை, ஒரு கம்பி போதும், திரும்பி வருகிற வழிக்கு நிலமே கம்பி என்று கண்டுபிடித்திருந்தார். அதாவது மின்சாரம் மண்ணுக்குள்ளே பரவி ஓடுகிறது. நிலத்தில் தள்ளித்தள்ளி இரண்டு இரும்பு முளைகளை அறைந்து, ஒரு ரீங்காரக் கருவியால் விட்டுவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், கொஞ்சத் தூரத்தில் வேறு இரண்டு முளைகளை அறைந்து காதில் ஒலிவாங்கி வைத்திருப்பவருக்கு அந்த ரீங்காரம் கேட்கும். நடுவில் கம்பி இல்லை, வெறும் மண். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதைப் பெருமளவில் பாவித்தார்கள்.

ஆனால் மண் எல்லாருக்கும் பொது. நீ அனுப்புகிறதை எதிரியும் கேட்பான். ஜேர்மன் படைக்கு ஒற்றோ ஆரென்ற் என்பவர் இதற்கென்றே ஒட்டுக்கேட்கும் நிலையங்களை அமைத்தார். ஆங்கிலேயரின் கம்பி ரெலிபோன்களும் ஒரு முனையை நிலத்தோடு இணைத்தவைதானே, அவற்றின் பேச்சும் மண்ணில் கசிந்தது. 1916 ஜூலை 1ஆம் திகதி, சொம் போர் தொடங்கிய நாள். அன்று அதிகாலையில், லா புவாசெல் கிராமத்திலிருந்த ஜேர்மன் நிலையம் ஒன்று ஆங்கிலேயத் தளபதியின் வாழ்த்துச் செய்தி ஒன்றின் ஒரு பகுதியை மண்ணிலிருந்து பிடித்தது. தாக்குதல் உடனே வரப்போகிறது என்பதற்கு அது போதுமான சாட்சி. அன்று ஒரே நாளில் ஆங்கிலேயப் படையில் 57,000 பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் போனார்கள். அந்த ஒட்டுக்கேட்டல்தான் இதற்குக் காரணம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மிகை என்பது என் எண்ணம். ஒரு கிழமையாக ஷெல் அடித்துக்கொண்டிருந்தால் தாக்குதல் வரும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

இந்த ஒட்டுக்கேட்டலில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி இருக்கிறது. ஹைன்றிக் பார்க்ஹௌசன் என்ற ஜேர்மன் விஞ்ஞானி முனையில் இந்த வேலையில் இருந்தபோது, காதில் சில நேரம் விசித்திரமான விசில் சத்தம் கேட்டது. உச்சத்தில் தொடங்கி மெல்ல இறங்குகிற சத்தம். முனையில் நின்ற படையினர், "குண்டு பறக்கிறது கேட்குது" என்று அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? பார்க்ஹௌசன் 1919இல் இதைப் பற்றி எழுதினார், விடை முழுதாகக் கிடைக்கவில்லை. 1953இல்தான் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்ரோறி என்பவர் விளக்கினார். எங்கோ தொலைவில் விழுந்த மின்னலின் அலை, பூமியின் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வானத்துக்கு மேலே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஏறி, பூமியின் மறுபாதியில் இறங்குகிறது. குண்டு என்று நினைத்துப் பயந்தது மின்னலின் பயணத்தை. பதுங்குகுழியில் இருந்தவர்களுக்கு வானத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். இங்கே முதல் சில்வெஸ்ரர் இரவில் வாணம் விட்டபோது மேசைக்குக் கீழே போனவர்கள் இந்த மலரை வாசிக்கிறவர்களிலேயே எத்தனை பேர்!

அதே யுத்தத்தில் இன்னொரு கருவி. இரண்டு பக்கமும் நிலத்துக்குக் கீழே சுருங்கை தோண்டிப் போய் எதிரியின் காலடியில் வெடிமருந்தை வைத்தார்கள். எதிரி தோண்டுகிற சத்தத்தைக் கேட்பதற்காக ஜோன் பெறான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு கருவி செய்தார். பின்னாளில், 1926இல், நோபல் பரிசு பெற்றவர் இவர். சின்ன மரவட்டு, அதற்குள் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவில் பாதரசம், அதிலிருந்து வைத்தியரின் குழாய் போலக் காதுக்கு ஒரு குழாய். மண் அசைந்தால் வட்டு அசையும், பாரமான பாதரசம் அசையாது. அந்த வித்தியாசம் காதில் சத்தமாகக் கேட்கும். இரண்டு வட்டுகளை நிலத்தில் வைத்து இரண்டு காதிலும் கேட்டால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றும் சொல்லலாம்.

இந்தக் கருவியின் படத்தைப் புத்தகத்தில் கண்டபோது என்னால் அடுத்த பக்கத்தைப் புரட்ட முடியவில்லை. 1990இல், பொம்பர் அடித்த ஒருநாள், எங்கள் அடுத்த ஒழுங்கையில் ஒரு பங்கர் இறங்கிவிட்டது. பனங்குற்றி முறிந்து மண்மூட்டைகள் எல்லாம் உள்ளே. நாங்கள் ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு ஓடினோம். எந்தப் பக்கத்தால் வெட்டுவது? பிழையான பக்கத்தால் வெட்டினால் மிச்ச மண்ணும் இறங்கும். சனம் குழறிக்கொண்டு நின்றது. ஒரு ஆச்சி வந்து, "வாயைப் பொத்துங்கோ எல்லாரும்!" என்று ஒரு சத்தம் போட்டா. பிறகு வீட்டிலிருந்த பித்தளைக் குடத்தை எடுத்துவந்து, வாயை மண்ணில் கவிழ்த்து, அடியில் காதை வைத்தா. ஓரிடத்தில் ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டு இடம் மாற்றி வைத்தா. நாலாவது இடத்தில் கையைக் காட்டினா. உள்ளே ஒரு பொடியன் ஏதோ தகரத்தில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் பக்கத்தால் வெட்டி அவனையும் தங்கச்சியையும் எடுத்தோம். தாயைப் பிந்தித்தான் எடுத்தோம். ஆச்சிக்கு பெறானைத் தெரியாது, பெறானுக்கு ஆச்சியைத் தெரியாது.

சரி, கதைக்கு வருகிறேன். மீட்பதற்காக மண்ணைக் கேட்டதில் ஜேர்மனியில் எல்லாரும் அறிந்த சம்பவம் லெங்கெடெ. 1963 ஒக்டோபர் 24ஆம் திகதி இரவு, லோவர் சக்சனியில் இருந்த அந்த இரும்புத்தாதுச் சுரங்கத்துக்கு மேலே கிடந்த கழிவுநீர்க் குளம் உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. ஐந்து இலட்சம் கன மீற்றர் அளவில் சேறும் தண்ணீரும். கீழே 129 பேர். 79 பேர் தாங்களாகவே தப்பி வந்தார்கள். அடுத்த நாள் 7 பேரைக் காப்பாற்றினார்கள். நவம்பர் 1ஆம் திகதி துளை போட்டு 3 பேரை எடுத்தார்கள். எடுக்கப் பாவித்தது "டால்புஷ் குண்டு" என்ற, ஒரு ஆள் மட்டும் நெருக்கிக்கொண்டு நிற்கக்கூடிய உருக்குக் குழாய். அதைக் கண்டுபிடித்ததும் எங்கட பக்கம்தான், 1955இல் கெல்சன்கிர்சனில்.

அத்தோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். இரங்கல் ஆராதனைக்கு ஏற்பாடு நடந்தது. கருவிகளைக் கழற்றத் தொடங்கினார்கள். ஆனால் சில தொழிலாளர் விடவில்லை. கைவிடப்பட்ட பழைய குடைவுப் பகுதி ஒன்று இருக்கிறது, சுரங்கக்காரர் அதை "கிழவன்" என்பார்கள், கூரை எந்த நேரமும் இடியும், ஆனால் மேடான இடம், ஆட்கள் அங்கே ஓடியிருக்கலாம் என்றார்கள். நவம்பர் 3ஆம் திகதி அங்கே ஒரு துளை போட்டார்கள். குறித்த இடத்திலிருந்து துளை சற்று விலகிப் போயிற்று. விலகியதால்தான் வெளியான இடத்தில் போய் விழுந்தது. 56 மீற்றர் ஆழத்தில் துளைத்தண்டு நின்றது. மேலேயிருந்து அதில் தட்டினார்கள். கீழேயிருந்து திருப்பித் தட்டினார்கள்!

21 பேர் அங்கே ஓடியிருந்தார்கள். 10 பேர் அதற்குள் செத்துப் போனார்கள், பலர் கூரை இடிந்து விழுந்து. 11 பேர் இருட்டில், பத்து நாளாக, பிணங்களுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அந்தச் சின்னத் துளையால் மைக் ஒன்றை இறக்கினார்கள். சான்சலர் லுட்விக் ஏர்ஹார்ட் நேரில் வந்து அதில் அவர்களோடு பேசினார். நவம்பர் 7ஆம் திகதி, பதினான்கு நாளைக்குப் பிறகு, 11 பேரும் மேலே வந்தார்கள். 29 பேர் வரவில்லை. ஜேர்மன்காரர் இதை "லெங்கெடெ அதிசயம்" என்பார்கள். எங்கள் மேல்மாடிக் கிழவர் அந்தச் சொல்லுக்குக் கோபிப்பார். "அதிசயம் எண்டால் கடவுள் செய்தது. இது தட்டினது" என்பார்.

1963இல் செய்மதி வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, மனிதன் விண்வெளிக்குப் போய்வந்துவிட்டான். 56 மீற்றர் மண்ணுக்குக் கீழே இருப்பவனைக் கேட்க ஒரு இரும்புத் தண்டும் அதிர்ஷ்டமும்தான் இருந்தன.

பணமும் மூளையும் அந்த வருடங்களில் எங்கே போயின என்று பார்த்தால் மனம் கசக்கும். 1967இலிருந்து அமெரிக்கா லாவோஸ் காடுகளில், ஹோ சி மின் பாதையில், விமானத்திலிருந்து ஆயிரக்கணக்கான உணர்கருவிகளைப் போட்டது. ஈட்டி மாதிரி நிலத்தில் குத்திப் புதைந்து நிற்கும். மேலே தெரிகிற அன்ரனா ஒரு காட்டுச்செடி போல இருக்கும். ஆள் நடந்தாலும் லொறி போனாலும் நிலம் அதிர்வதை உணர்ந்து வானொலியால் சொல்லும். மேலே சுற்றுகிற விமானம் அதை வாங்கித் தாய்லாந்தின் நாகொன் பனொம் தளத்திலிருந்த கணனிகளுக்குக் கொடுக்கும். பிறகு குண்டு விழும். மண்ணைக் கேட்கிற வித்தை ஒன்றுதான். கேட்டபிறகு என்ன செய்கிறது என்பது வேறு.

மீட்புப் பக்கத்தில் அமெரிக்காவில் ஆராய்ச்சி சூடுபிடித்தது இன்னொரு சாவுக்குப் பிறகுதான். 1968 நவம்பர் 20ஆம் திகதி மேற்கு வேர்ஜீனியாவின் பார்மிங்ரன் சுரங்கம் வெடித்து 78 பேர் உள்ளே போனார்கள். பத்தாவது நாள் நெருப்பை அடக்கச் சுரங்கத்தை மூடி அடைத்தார்கள். ராட்பொட்டில் தண்ணீர், அங்கே சீமெந்து. அடுத்த வருடமே புதிய பாதுகாப்புச் சட்டம் வந்தது. மண்ணூடாகப் பேசும் கருவிகளுக்கும், தட்டலைக் கேட்கும் நில அதிர்வுக் கருவிகளுக்கும் பணம் ஒதுக்கினார்கள். நல்ல கருவிகள் பரிசோதனையில் வேலையும் செய்தன. பிறகு வருடங்கள் போக ஆர்வமும் போயிற்று.

2006 ஜனவரி 2ஆம் திகதி அதே மேற்கு வேர்ஜீனியாவில் சேகோ சுரங்கம் வெடித்தது. வெடித்த இடத்தில் ஒருவர் செத்தார். 12 பேர் உள்ளே போய்த் திரையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி சம்மட்டியால் கூரையில் பதித்திருந்த இரும்பு முளையில் மாறிமாறி அடித்தார்கள். மேலேயிருந்து பதில் வெடிச்சத்தம் வரும் என்று பார்த்திருந்தார்கள். வரவில்லை. மேலே அதைக் கேட்கும் கருவி ஒன்றும் வைத்திருக்கவில்லை. அடுத்த நாள் இரவு, 12 பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று பிழையான செய்தி ஒன்று வெளியே வந்து தேவாலயத்தில் மணி அடித்து, சனம் அழுது பாடி, சில மணி நேரத்தில் அது மாறியது. ஒருவர் மட்டும் பிழைத்தார். 12 பேர் மேலே தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள், கேட்க ஆளில்லை. நாற்பது வருடமாகத் தெரிந்த தொழில்நுட்பம் இது. அந்த வருடமே சட்டம் கொண்டுவந்து, மூன்று வருடத்துக்குள் ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்திலும் கம்பியில்லாத இருவழித் தொடர்புக்கு ஏற்பாடு வேண்டும் என்றார்கள். இதற்குப் பிறகுதான் பெரிய சுருள்கம்பிகளைச் சுற்றிக் காந்தப் புலத்தால் நூற்றுக்கணக்கான மீற்றர் பாறையூடாகச் செய்தி அனுப்பும் கருவிகள் சந்தைக்கு வந்தன. காந்தப் புலத்துக்கு மண்ணும் தண்ணீரும் காற்றும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தூரம் இரட்டித்தால் பலம் எட்டிலொன்றாகிவிடும். அதனால் ஆழம் கூடக்கூடச் சுருளும் பெரிதாக வேண்டும்.

அரசாங்கங்கள் மறந்த வேலையைப் பொழுதுபோக்குக்காரர் செய்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பிரித்தானியாவில் குகைக்குள் போகிற சங்கக்காரர் தங்கள் மீட்புத் தேவைக்காகத் தாங்களே வானொலி செய்தார்கள். ஜோன் ஹே என்பவர் வடிவமைத்த ஹேபோன் 87 கிலோஹேர்ட்ஸில் வேலை செய்கிறது. அதன் அன்ரனா என்ன தெரியுமோ? நிலத்தில் தள்ளித்தள்ளி அறைந்த இரண்டு முளைகள். 1916இல் பதுங்குகுழியில் அறைந்த அதே முளைகள். 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் அகப்பட்டபோது, பிரித்தானியாவிலிருந்து இந்தப் பெட்டிகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இனி இன்றைய உணர்கருவிகள். எங்கட ஊரில் மண்ணுக்குள் எதையாவது புதைத்தார்கள் என்றால் அது கண்ணிவெடி. இங்கே வேறு விதமாகவும் புதைக்கிறார்கள். 2006இல், சேகோ நடந்த அதே வருடம், அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அக்யில்டிஸ், ஸ்ரன்ற்பெக் என்ற இருவர் முழுக்க நிலத்துக்குக் கீழேயே இருந்து ஒன்றோடொன்று பேசும் உணர்கருவி வலையமைப்புகள் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உழவு இயந்திரம் அறுத்துவிடும், மாடு மிதிக்கும். எல்லாம் கீழே இருந்தால் பயிர்நிலத்தின் ஈரத்தை வருடக்கணக்காக அறியலாம். ஆனால் வேடிக்கையைப் பாருங்கோ: அறிய வேண்டியது ஈரம், செய்தியைக் கொல்வதும் அதே ஈரம். மழை பெய்து, சொல்ல வேண்டிய சேதி கூடுதலாக இருக்கிற நேரத்தில்தான் கருவிக்குத் தொண்டை அடைக்கும். பற்றரியும் ஒரு பிரச்சினை. புதைத்ததை அடிக்கடி தோண்டி மாற்றமுடியாது. அதனால் பேச்சைச் சுருக்கி, பெரும்பாலான நேரம் நித்திரையாகவே கிடக்கும்படி அமைக்கிறார்கள்.

எங்களுக்குக் கிட்டவே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஆகனுக்கு அப்பால், ஐபல் மலைக்காட்டில் வூஸ்ரபாக் என்று ஒரு சிறு ஓடை. யூலிச் ஆராய்ச்சி நிலையத்தார் அந்த ஓடையைச் சுற்றி 27 ஹெக்ரெயர் காட்டில் 150 இடங்களில் மண்ணுக்குள் கருவிகளைப் புதைத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் 5, 20, 50 சென்ரிமீற்றர் ஆழங்களில் ஈரத்தை அளக்கும். பேசுகிற பெட்டியை ஆழமாகப் புதைக்காமல் மேற்பரப்புக்கு ஒட்டியே வைத்து, மண்ணைத் தாண்டும் தூரத்தைச் சில சென்ரிமீற்றராகக் குறைத்தார்கள். மேலே நிற்கிற பெட்டிகள் அதை வாங்கிக் கடத்தின. மண்ணோடு மல்லுக்கட்டாமல் மண்ணுக்கு வழிவிட்டுச் செய்த வேலை என்று சொல்வேன். 2013இல் அங்கே ஒன்பது ஹெக்ரெயர் அளவில் ஸ்புரூஸ் மரங்களை வெட்டி அகற்றினார்கள். மரம் குடிக்காமல் விட்ட தண்ணீர் மண்ணில் தங்கியதையும், ஓடையில் கூடுதலாக ஓடியதையும் அளந்து காட்டினார்கள்.

ஹம்மில் இருக்கிற எங்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. ஜேர்மனியின் கடைசிக் கருங்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் பொற்றொப்பில் மூடப்பட்டது. ஆனால் 150 வருடமாகக் கரி எடுத்ததால் ரூர் பிரதேசத்தின் நிலம் பல இடங்களில் மீற்றர் கணக்கில் இறங்கிப்போய்க் கிடக்கிறது. தாழ்ந்த இடங்களிலிருந்து ஆற்றுநீரையும் மழைநீரையும், பழைய சுரங்கங்களிலிருந்து அடிநீரையும் முடிவில்லாமல் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இதற்கு "நித்தியக் கடமை" என்றே டொச்சில் பெயர் வைத்திருக்கிறார்கள். கைவிட்ட சுரங்கங்களுக்குள் தண்ணீர் எவ்வளவுக்கு ஏறிவிட்டது என்று கருவிகள் இரவும் பகலும் அளக்கின்றன.

எங்கள் மேல்மாடிக் கிழவர் 1998இல் காலமானார். அவருடைய அறைக்கு இப்போது ஒரு சிரியக் குடும்பம் வந்திருக்கிறது. அவர்களின் சின்னப் பெடியன் போன மாதம் விளையாட்டுக்கு ஹைசுங் குழாயில் எதையோ கொண்டு தட்டினான். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய் மூன்று தரம் திருப்பித் தட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவன் நாலு தரம் தட்டினான்.